ஜூலையில் பதில் சொல்லும் பெட்டிகள்

ரெய்னோவின் நாய்க்கு ஹல்லாவரா குளிர்கிடங்கில் வேலை கிடைத்த அன்றுதான், எங்கள் சரிபார்ப்பு மென்பொருள் எவ்வளவு உதவாதது என்று எனக்குத் தெரிந்தது.

நாயின் பெயர் துர்ரே. பட்டறையின் பின்கதவை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும். அதன் பெயரையும் ரெய்னோவின் குடும்பப் பெயரையும் நடுவில் புள்ளி வைத்துச் சேர்த்தேன். பின்னால் ஹல்லாவரா நிறுவனத்தின் இணையப் பெயரை ஒட்டினேன். மென்பொருளில் போட்டதும் பச்சைக் குறி வந்தது. மின்னஞ்சல் முகவரி இயங்குகிறதாம். கடிதம் அனுப்பலாமாம்.

"துர்ரே, எந்திரிடா," என்றார் ரெய்னோ, காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே. "திங்கக்கிழமை ஷிப்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான் நாப்பது வருஷமா மெஷின்ல நிக்கிறேன், எனக்கு ஒரு பச்சை லைட்டு எவனும் போட்டதில்ல."

சைலா சிரிக்கவில்லை. பட்டறை அவளுடையது. மேசையில் என் எதிரே உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீ ஒரு வாரமா கண்டுபிடிச்ச பேரெல்லாம்?"

"எல்லாத்துக்கும் பச்சைதான் வந்துச்சு."

"நாய்க்கும் பச்சை."

"ஆமா."

"அப்ப ஒண்ணுக்கும் அர்த்தமில்ல."

நான் தலையாட்டினேன்.

அந்த மென்பொருள் செய்கிற வேலை எளிமையானது. அது கடிதம் எதையும் அனுப்பாது. மறுபக்கத்து சர்வரைத் தட்டி, இந்தப் பெயரில் அங்கே ஆள் உண்டா என்று மட்டும் கேட்கும். உண்டு என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. ஆனால் சில நிறுவனங்கள் யாரைக் கேட்டாலும் உண்டு என்று சொல்லும்படி சர்வரை அமைத்து வைத்திருக்கும். ராஜினாமா செய்தவன், செத்தவன், பிறக்காதவன், நாய் எல்லாரும் அங்கே ஊழியர்கள். கடிதம் உள்ளே போகும். யார் கண்ணிலும் படாது. திரும்பியும் வராது.

எங்கள் ஊரில் அலுவலக முகவரியை ஊகிப்பது குழந்தை வேலை. பெயர், புள்ளி, குடும்பப் பெயர். பின்லாந்து முழுவதும் கிட்டத்தட்ட அதே வழக்கம். அதனாலேயே எல்லாரும் ஊகிக்கிறார்கள். ஊகம் சரியா என்று பார்ப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அந்த வேலைக்குத்தான் சைலா என்னைச் சேர்த்திருந்தாள். அதற்கு முன் ஔலு நகரில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, இரவு நேரத்தில் பார்சல் பிரிக்கும் கூடத்தில் இருந்தேன். தப்பான முகவரி எழுதிய பெட்டிகளைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைப்பது என் வேலை. ரெய்னோ என்னைப் 'பட்டதாரி' என்றுதான் கூப்பிடுவார். பட்டம் வாங்காததால்.

சைலாவின் பட்டறை கொக்கொலாவில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. குளிர்கிடங்குக் கதவுகளுக்கு விளிம்புப் பட்டை செய்கிறோம். ரப்பருக்குள் மெல்லிய சூட்டுக் கம்பி ஓடும். வெளிக்காற்றில் ஈரம் ஏறினால் மட்டும் கம்பி தானாகச் சுடும். கதவு உறைந்து ஒட்டாது. நல்ல சரக்கு. ஆனால் நல்ல சரக்கு என்பது வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

முந்தைய இலையுதிர் காலத்தில் எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஸ்வீடனுக்கு இடம் மாறிவிட்டார். சைலா பயந்துபோய் யாரோ ஒரு தரகனிடம் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல் முகவரிகளை மொத்தமாக வாங்கினாள். ஒரே காலையில் எல்லாருக்கும் கடிதம் அனுப்பினாள். பாதிக்கு மேல் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு அவள் எழுதிய எந்தக் கடிதமும் யாருக்கும் சரியாகப் போய்ச் சேரவில்லை. பழைய வாடிக்கையாளருக்குக் கூடக் குப்பைப் பெட்டியில்தான் விழுந்தது. தப்பான முகவரிகளுக்கு எழுதிக்கொண்டே இருப்பவனை அஞ்சல் சேவைகள் ஏமாற்றுக்காரன் வரிசையில் வைத்துவிடும். அதிலிருந்து வெளியே வர நாளாகும். நான் சேர்ந்த புதிதில் செய்தது அதைத்தான். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, "எங்க மெயில் குப்பைல கெடக்கும், எடுத்து வெளிய வச்சு ஒரு வரி பதில் போடு" என்று கெஞ்சினேன். மெல்ல மெல்லப் பெயர் தேறியது. இன்னொரு அடி வாங்கினால் தேறாது.

இதற்கிடையில் பெர்டெல் வந்தான். கடற்கரைக்காரன், ஸ்வீடிஷ் பேசுகிறவன், குளிர்காலத்தில் படகுகளை நிறுத்தி வைக்க இடம் வாடகைக்கு விடுகிறவன். எங்கள் பட்டறைக் கூடம் அவனுக்கு வேண்டும். உயரமான கூரை, அகலமான கதவு, தண்ணீருக்குப் பக்கம். நியாயமான விலைதான் சொன்னான். ஜூலை கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஆம் அல்லது இல்லை சொல்லச் சொன்னான். அதற்குள் ஒரு புதிய வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாவிட்டால் விற்றுவிடுவதாகச் சைலா எங்களிடமே சொல்லியிருந்தாள். ஒளித்துவைத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. ரெய்னோவுக்கு ஓய்வு வயது வர இன்னும் காலம் இருக்கிறது. எனக்குத் திரும்பிப் போகப் பார்சல் கூடம் இருக்கிறது. சைலாவுக்கு இந்தக் கூடத்தைத் தவிர ஒன்றுமில்லை.

பட்டையை உடனே வாங்கக்கூடிய பெரிய கிடங்கு எங்கள் பக்கத்தில் ஒன்றுதான். வாசாவில் இருக்கும் ஹல்லாவரா. அதன் சர்வர் நாய்க்கும் பச்சை காட்டியது.

"போன் போட்டுக் கேட்டுட்டாப் போச்சு," என்றார் ரெய்னோ.

"ரிசப்ஷன் ஜூலை முழுக்க மூடியிருக்கு. மெஷின் பேசுது," என்றேன்.

"எல்லாரும் லீவு."

"ஆமா. அதனாலதான் இப்பவே அனுப்பணும்."

சைலா நிமிர்ந்து பார்த்தாள். "ஜூலைலயா?"

"ஜூலைல."

"எஸா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஜூலைல இந்த நாட்டுல எவன்டா மெயில் படிக்கிறான்? பிரதமர் கூட ஏரில மீன் பிடிச்சுட்டு உக்காந்திருப்பாரு. ஆகஸ்டுல வந்து, நூறு மெயிலோட சேத்து நம்மளையும் அழிச்சுருவான்."

"படிக்கறதுக்கு அனுப்பச் சொல்லல. பெட்டிய பேச வைக்கறதுக்கு."

அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். லீவில் போகிற எல்லாரும் போவதற்கு முன் ஒரு தானியங்கிப் பதில் வைத்துவிட்டுப் போவார்கள். இந்த நாட்டில் அது ஒழுக்கத்தின் ஒரு பகுதி. செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைவதும் பதில் வைக்காமல் கோடை வீட்டுக்குப் போவதும் ஒன்றுதான். ஆக, உயிருள்ள பெட்டிக்கு ஜூலையில் கடிதம் போட்டால் அது தானாகவே பேசும். நான் லீவில் இருக்கிறேன், இந்த நாள் வருவேன், அதுவரை இன்னாரைப் பார் என்று சொல்லும். ஆளில்லாத பெட்டி ஊமையாக இருக்கும். நாய் லீவு எழுதி வைக்காது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றேன். "குப்பைல விழுந்த மெயிலுக்குப் பெட்டி பதில் சொல்லாது. பதில் வந்துச்சுன்னா நம்ம மெயில் நேரா உள்ள போயிருச்சுன்னு அர்த்தம்."

ரெய்னோ கோப்பையைக் கீழே வைத்தார். "டேய் பட்டதாரி. நீ சொல்றது, எல்லாரும் வீட்டுல இல்லாத நேரம் பாத்துக் கதவத் தட்டிப் பாக்கறதுதானே? அதுக்கு வேற பேரு உண்டு."

"திருடன் அடையாளம் சொல்ல மாட்டான். நாம பேரு, ஊரு, தொழில் எல்லாம் சொல்லித்தான் தட்டறோம்."

"கதவத் திறக்கற வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவான்."

சைலா யோசித்தாள். பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மெயில நானே எழுதறேன். வேவு பாக்கற மாதிரி இருக்கக்கூடாது. நெஜமான கேள்வி கேக்கணும்."

நான் எழுதியிருந்தால் இரண்டு பத்தி வந்திருக்கும். அவள் எழுதியது இவ்வளவுதான்: 'கொக்கொலாவில் குளிர்கிடங்குக் கதவுகளுக்குச் சூட்டு விளிம்பு செய்கிறோம். ஈரமான கோடையிலும் பனி கட்டாது. உங்கள் கிடங்கில் கதவுகளைப் பார்ப்பவர் நீங்களா? இல்லையென்றால் யார்? நான் எழுத வேண்டாமென்றால் வேண்டாம் என்று ஒரு சொல் போதும். சைலா ஹௌதகங்காஸ்.'

நான் சேர்த்த பெயர்களில் கதவோடு கொஞ்சமாவது தொடர்புள்ள ஆறு பேரை எடுத்தோம். பொருட்காட்சிப் பட்டியல், தொழிற்சங்க இதழின் படம், தீயணைப்புப் பயிற்சியின் செய்தி என்று பல இடங்களில் பொறுக்கிய பெயர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, நடுவில் இடைவெளி விட்டு அனுப்பினேன். மொத்தமாகத் தள்ளினால் அஞ்சல் சேவைகளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

முதல் பதில் வந்தபோது சைலா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கொள்முதல் தலைவன் ஒருவன் லீவில் இருந்தான். யாரோ லீவில் இருப்பதைக் கேட்டு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"உள்ள போயிருச்சு! எஸா, மெயில் உள்ள போயிருச்சு!"

"ஆமா. குப்பைல விழல."

அடுத்து ஒரு பெட்டி, அதன் ஆள் வசந்தத்திலேயே வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னது. இரண்டு பெட்டிகள் ஊமையாக இருந்தன. இன்னொன்று 'ஆகஸ்ட் வரை நான் இல்லை, மீன் கடித்தால் அதற்கு மேலும் இல்லை' என்றது. ஆறாவது பெட்டியின் பதில்தான் நாங்கள் தேடியது. கிடங்கின் பராமரிப்புத் தலைவன் ஹன்னு என்பவன் எழுதி வைத்திருந்தது. 'திங்கட்கிழமை திரும்புவேன். கதவு, குளிரூட்டி எல்லாம் அதுவரை இர்மெலி பொறுப்பு.' கீழே ஒரு தொலைபேசி எண். அதற்குப் பக்கத்தில் 'அவசரத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தான்.

இர்மெலியின் மின்னஞ்சல் முகவரியை அவன் எழுதவில்லை. குடும்பப் பெயரையும் எழுதவில்லை.

குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்க அன்று மதியம் முழுவதும் ஆயிற்று. வாசாவின் உள்ளூர்ப் பத்திரிகையில் வெயில் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. நகரிலேயே குளிர்ச்சியான இடத்தில் வேலை பார்ப்பவர்கள் என்று தலைப்பு. அதன் படத்தில் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண் கம்பளித் தொப்பியோடு ஒரு பெரிய கதவின் முன் நின்றிருந்தாள். கையில் கோடாலி. 'குளிர்ச்சிதான், ஆனால் இந்த ஈரத்தில் கதவுகள் உறைந்து ஒட்டிக்கொள்கின்றன, தினமும் காலையில் உடைக்க வேண்டியிருக்கிறது' என்கிறார் ஹல்லாவரா ஷிப்டு மேற்பார்வையாளர் இர்மெலி சொர்வோயா. எல்க் மான் வேட்டைக்காக லீவை அக்டோபருக்கு வைத்துக்கொண்டாராம்.

அந்தப் படத்தைச் சைலாவிடம் காட்டினேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள். விளிம்பெல்லாம் வெள்ளையாக வீங்கியிருந்தது.

"இவளேதான்," என்றாள். "எழுதுடா."

பெயர், புள்ளி, குடும்பப் பெயர். எழுதினோம். பச்சை வந்தது. அந்தப் பச்சையை யாரும் நம்பவில்லை.

பிறகு ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் என் யோசனையில் இருந்த ஓட்டை தெரிந்தது. லீவில் போனவனின் பெட்டிதான் தானாகப் பேசும். இர்மெலி லீவில் போகவில்லை. அவள் பெட்டி ஊமையாக இருந்தால் அதற்கு மூன்று அர்த்தம் உண்டு. அப்படி ஒரு முகவரியே இல்லை. இருக்கிறது, அவள் படித்துவிட்டு ஒதுக்கிவிட்டாள். இருக்கிறது, அவள் பார்க்கவே இல்லை. வெளியிலிருந்து மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். நமக்கு வேண்டாதவர்களைப் பற்றியெல்லாம் என் வழி உண்மையைச் சொன்னது. வேண்டியவளிடம் வந்து நின்றதும் வாயை மூடிக்கொண்டது.

அடுத்த நாளும் ஒன்றும் வரவில்லை. சைலா விசாரிக்கவில்லை. கூடத்துக்குள் போய் ஒரு வாளித் தண்ணீரில் தரையைக் கழுவினாள். விற்கப்போகிற இடத்தை ஆள் கழுவுவது மாதிரி இருந்தது. ரெய்னோ அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"டேய், இன்னொரு மெயில் போடேன்."

"பதில் தெரியாத பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் போட்டா மறுபடி குப்பைக்காரன் ஆயிருவோம்."

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"நம்பர் இருக்கு."

"அவசரத்துக்கு மட்டும்னு எழுதியிருக்கு."

"தெரியும்."

ரெய்னோ தாடையைச் சொறிந்தார். எங்கள் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவசரத்துக்கு மட்டும் என்று ஒருவன் எழுதி வைத்த எண்ணுக்கு விற்பனைக்காகக் கூப்பிடுவது, அடுத்தவன் நீராவிக் குளியல் எடுக்கும் சவுனாவுக்குள் கதவைத் தட்டாமல் நுழைவது மாதிரி. சைலா அப்பன் செத்த அன்றைக்குக்கூட டாக்டருக்கு அலுவல் நேரத்தில்தான் கூப்பிட்டாள் என்று ரெய்னோ ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

சைலா தரையைக் கழுவி முடித்து, வாளியை வைத்துவிட்டு வந்தாள். நான் எண்ணைச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

"விக்கறதுக்குக் கூப்பிடக்கூடாது," என்றேன். "ஒரே ஒரு கேள்வி. எங்க எழுதினா படிப்பன்னு மட்டும் கேளு. பதில வாங்கிட்டு வச்சுரு."

"எனக்குப் பேசத் தெரியும்டா."

ஒலிபெருக்கியில் போட்டாள்.

"இர்மெலி," என்றது ஒரு குரல். பின்னால் எதையோ வெட்டும் சத்தம்.

"என் பேரு சைலா. கொக்கொலாவுலேர்ந்து பேசறேன்."

"ஏதாவது கசியுதா?"

"இல்ல."

"எரியுதா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு இந்த நம்பருக்குக் கூப்பிட்ட? அவசரத்துக்குன்னு போட்டிருக்கே, கண்ணு தெரியலயா?"

"தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். மன்னிச்சுக்க. ஒரே கேள்வி, கேட்டுட்டு வச்சுடறேன். உன் பேருல இருக்கற மெயில் ஐடிக்கு எழுதினேன். நீ அதப் படிப்பியா?"

வெட்டும் சத்தம் நின்றது.

"என் பேருல மெயில் ஐடி இருக்கா?"

"இருக்குன்னு நெனச்சோம்."

"பெர்க்கெலே!" என்று சிரித்தாள். வசவில்கூட ஒரு சந்தோஷம் இருந்தது. "ஆபீஸ்காரங்க ஏதோ போட்டுக் குடுத்தாங்க. பாஸ்வேர்டு என்னன்னு எனக்கே தெரியாது. பத்து வருஷமா யாராவது எனக்கு லவ் லெட்டர் எழுதியிருந்தாலும் அதுக்குள்ளதான் கெடக்கும். நாங்க ஷிப்டு ரூம் கம்ப்யூட்டர்ல இருக்கற ஒரே பெட்டியத்தான் பாப்போம். எல்லாருக்கும் அது ஒண்ணுதான்."

"அந்த ஐடிய எனக்குத் தர்றியா?"

"எதுக்கு?"

"கதவு விளிம்பு."

எங்கள் பக்கத்தில் ரெய்னோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

"நான் இப்ப கோடாலியக் கைல வச்சுட்டுத்தான் பேசறேன்," என்றாள் இர்மெலி. "ஏழாம் கதவு. காலைலேர்ந்து ரெண்டாவது தடவ. நீ ஏதாவது பசை, ஸ்ப்ரேன்னு விக்கற ஆளா இருந்தா இந்தக் கோடாலியோட கொக்கொலாவுக்கு வருவேன்."

"பசை இல்ல. ரப்பருக்குள்ள கம்பி. ஈரம் ஏறினாத்தான் சுடும்."

"எழுது. சுருக்கமா. கையுறையோட தட்டணும் எனக்கு."

முகவரியைச் சொன்னாள். யாருடைய பெயரும் இல்லாத முகவரி. ஷிப்டு என்ற சொல்லும் கிடங்கின் எண்ணும்தான். எந்தப் பொருட்காட்சிப் பட்டியலிலும் எந்தப் பத்திரிகையிலும் கிடைக்காதது. ஆளைத் தேடுவதும் அவள் படிக்கிற இடத்தைத் தேடுவதும் ஒரே வேலை என்று நான் நினைத்திருந்தேன். எல்லாருக்கும் பெயரும் புள்ளியும் இருக்கும் என்று நினைத்தது அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவனின் புத்தி. பார்சல் கூடத்தில் எனக்கும் சொந்த முகவரி கிடையாது. அதை எப்படி மறந்தேனோ.

சைலா அதே கடிதத்தை இன்னும் ஒரு வரி குறைத்து அனுப்பினாள். பதில் வருவதற்குள் காபி ஆறவில்லை. ஒரே சொல்தான் வந்தது.

'வா.'

புதன்கிழமை வாசாவுக்குப் போனோம். நானும் சைலாவும். ரெய்னோ வழக்கமான அளவில் ஒரு கதவுக்கான பட்டையைச் சுருட்டிக் காரின் பின்னிருக்கையில் வைத்திருந்தார். கூடவே ஒரு டப்பா ஏலக்காய் புல்லா ரொட்டியும் கொடுத்தார். "அவ கைல கோடாலி இருக்கு. வெறுங்கையோட போகாதீங்க," என்றார்.

இர்மெலி படத்தில் இருந்ததைவிடக் குள்ளம். கையைக் குலுக்கும்போது என் விரல்கள் நொறுங்கின.

"நீதான் என் பேருக்கு மெயில் போட்டவனா?"

"ஆமா."

"எங்கேர்ந்து புடிச்ச என் பேர?"

"பத்திரிகைல. கோடாலியோட."

"அந்தப் படத்துல நான் குண்டாத் தெரியறேன்."

ஏழாம் கதவு ஏற்றுமதிப் பக்கம் இருந்தது. லாரிகள் பின்னால் வந்து நிற்கும், கதவு நாள் முழுவதும் திறந்து மூடும், கடல் காற்று ஈரத்தோடு உள்ளே பாயும். விளிம்பில் விரலளவு பனி. சைலா மண்டியிட்டு உட்கார்ந்து பழைய ரப்பரைப் பிடுங்கினாள். அவள் கையோடு பனிச் சில்லுகள் உதிர்ந்தன. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இர்மெலி ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து புல்லாவைத் தின்றபடி ஒவ்வொரு திருகையும் கவனித்தாள். ஒரு முறை மட்டும் கேட்டாள்.

"அந்தக் கூடத்த யாருக்காவது விக்கப் போறியாமே?"

சைலா திரும்பிப் பார்த்தாள். "யாரு சொன்னா?"

"என் தம்பிக்கு அங்க படகு இருக்கு. பெர்டெல் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறான். கூடம் கெடைச்ச மாதிரியே."

சைலா கடைசித் திருகை இறுக்கினாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"ம்." இர்மெலி அதற்குமேல் கேட்கவில்லை. அனுதாபம் காட்டவில்லை. சட்டையிலிருந்து ரொட்டித் துகளைத் தட்டிவிட்டாள். "வெள்ளிக்கிழமை வா. பாப்போம்."

அந்த இரண்டு நாளும் நல்ல புழுக்கம். வாசா பக்கம் மழை பெய்து வெயில் அடித்து மறுபடி மழை பெய்தது. எங்களுக்கு அதைவிட நல்ல வானிலை கிடைத்திருக்காது. ரெய்னோ ஒவ்வொரு முறையும் வானத்தைப் பார்த்து, "பெய்யி, பெய்யி, நாசமாப் போறவனே," என்று உற்சாகப்படுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் போனபோது இர்மெலி எட்டாம் கதவை வெட்டிக்கொண்டிருந்தாள். வியர்வையும் பனியும் முகத்தில் ஒன்றாக வழிந்தன. கோடாலியால் ஏழாம் கதவைக் காட்டினாள். சைலா போய் விளிம்பில் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்தாள். விரல் ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். பனி இல்லை.

"ரெண்டு நாளா இதத் தொடல," என்றாள் இர்மெலி. "பழக்க தோஷத்துல ஒரு தடவ கோடாலியத் தூக்கிட்டு வந்து நின்னேன். பயலுங்க சிரிச்சானுங்க."

சைலா எழுந்து நின்றாள். கைகளைப் பேண்டில் துடைத்தாள்.

"மத்த கதவுகளுக்கும் போடறியா?" என்று கேட்டாள் இர்மெலி.

"போடறேன்."

"ஏற்றுமதிப் பக்கம் மொத்தமும். இன்னும் பதினொண்ணு."

"யாரு கையெழுத்துப் போடுவா? ஹன்னு லீவுல இருக்கான்."

"திங்கக்கிழமை வரைக்கும் ஹன்னு நான்தான். அவசரப் பழுதுக்குக் கையெழுத்துப் போடற உரிமை எனக்கு இருக்கு. கதவு தொறக்கலன்னா லாரி நிக்கும், லாரி நின்னா மீன் போச்சு. இது அவசரமில்லன்னா வேற எது அவசரம்?"

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுரு."

"லீவுல அவன் மெயிலும் பாக்க மாட்டான், போனும் எடுக்க மாட்டான். நல்ல மனுஷன்."

"திங்கக்கிழமை வந்து வேண்டாம்னு சொல்லிட்டா?"

இர்மெலி கோடாலியைச் சுவரில் சாய்த்தாள். "சொல்லலாம். முடிக்காத வேலைய நிறுத்தலாம். முடிஞ்ச வேலைய எவனும் பிடுங்கிப் போட மாட்டான், அதுக்கு இன்னொருத்தனுக்குக் கூலி குடுக்கணும்." அவள் ஷிப்டு அறைப் பக்கம் நடந்தாள். "உள்ள வா. பேனா எங்கயோ இருக்கு."

கையெழுத்து ஆனதும் நானும் சைலாவும் வாகன நிறுத்தத்துக்கு வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. சைலா கையில் ஆர்டர் தாள். அதில் ஹல்லாவராவின் முத்திரை இருந்தது. ஆனால் திங்கட்கிழமை காலை ஒருவன் கோடை வீட்டிலிருந்து திரும்பி வந்து, வெயிலில் கறுத்த மூக்கோடு இதைப் படிப்பான். அவன் எப்படிப்பட்டவன் என்று எங்களுக்குத் தெரியாது. அவன் பெட்டி பேசியதை மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

"பெர்டெல்கிட்ட திங்கக்கிழமை வரைக்கும் டைம் கேக்கலாமே," என்றேன். கோழைத்தனமான யோசனைதான்.

"குடுக்க மாட்டான்."

"கேட்டுப் பாரேன்."

"கேட்டா குடுத்தாலும் குடுப்பான். அதனாலதான் கேக்கல." அவள் கைபேசியை எடுத்தாள். "டைம் இருந்துச்சுன்னா நான் ராத்திரி பூரா உக்காந்து யோசிப்பேன். யோசிச்சா வித்துருவேன்."

பெர்டெல் முதல் மணியிலேயே எடுத்தான்.

"சைலா! எங்க வந்து கையெழுத்துப் போடணும்?"

"எங்கயும் வேண்டாம். விக்கல."

"என்ன?"

"விக்கல, பெர்டெல்."

"நீ யோசிச்சுத்தான் பேசறியா? அந்தக் கூடத்துல மூணே மூணு பேரும் ஒரு நாயும்தான் இருக்கீங்க."

"இனிமே ஆள் தேவைப்படும். உனக்குத் தெரிஞ்ச ரப்பர் வேலைக்காரன் யாராவது இருந்தாச் சொல்லு."

"என் படகுகள நான் எங்க வைக்கறது? நான் எல்லார்கிட்டயும் வாக்குக் குடுத்துட்டேனே!"

"கடல்ல வை."

"கடல் உறைஞ்சுரும்டி, பைத்தியக்காரி!"

"அப்ப எங்க மெயில் ஐடிக்கு எழுது. உறையாத விளிம்பு செய்யறோம்."

வைத்துவிட்டாள். பிறகு அவள் ரெய்னோவைக் கூப்பிட்டாள்.

"ரெய்னோ, கைல இருக்கற பட்டை எல்லாத்தையும் வேன்ல ஏத்து. எத்தன கதவுக்கு வரும்?"

அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

"பத்தாது. மிச்சத்த நாளைக்கு வார்த்துக்கலாம். நாளைக்கு சனிக்கிழமை, குளியல் நாள்னு எனக்கும் தெரியும். சவுனா எங்கயும் ஓடிப் போயிறாது, ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள பதினொரு கதவும் முடியணும். ஆமா, ஆர்டர் இருக்கு. கைல இருக்கு, நனையுது." அவள் காகிதத்தைச் சட்டைக்குள் செருகினாள். "அழுவறியா? சளியா? சரி, சளிதான். வேன எடு."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீ என்ன நின்னுட்டிருக்க? எட்டாம் கதவு ரப்பர இப்பவே கழட்ட ஆரம்பிக்கலாம்."

இர்மெலி வாசலில் கோடாலியோடு நின்று கையாட்டினாள். நாங்கள் உள்ளே போனோம்.